நான்கு அடிக்கு ஒருமுறை

பர்ன்லி, லங்காஷயர்
1912 நவம்பர் 4

அன்புள்ள தம்பி ஈனாக்குக்கு,

அக்கா ஹெஸ்டர் எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். சுகம் என்று எழுதுவது வழக்கம், எழுதிவிட்டேன். இனி என் கோபத்தைக் கேள்.

சனிக்கிழமை ஆலை விட்டதும் பக்கத்துத் தறிக்காரி டார்க்கஸ் ஓக்டன் என் கையைப் பிடித்து இழுத்தாள். "பழைய ஸ்கேட்டிங் கொட்டகையில இப்ப மஃபின்னு ஒரு கோமாளியோட படம் ஓடுதுடி. அந்த மஃபின் அசப்புல உன் தம்பி மாதிரியே இருக்கானாம், வா பாத்துட்டு வருவோம்" என்றாள். தட்டியில் உன் பெயர் எங்கேயும் இல்லை. மஃபின், மஃபின், மஃபின் என்று மட்டும் மூன்று தடவை எழுதியிருந்தார்கள். ஒட்டு மீசைக்குப் பின்னால் இருப்பது நீதான் என்று பார்த்தவுடன் தெரிந்துவிட்டது.

முதலில் நானும் சிரித்தேன், பொய் சொல்ல மாட்டேன். முந்நூறு தறிகள் அடிக்கிற சத்தத்தில் உதட்டைப் பார்த்தே ஊர்க்கதை பேசுகிறவர்கள் நாங்கள் என்பதை லண்டனுக்குப் போனதும் மறந்துவிட்டாயா? ஊமைப் படம் மற்ற ஊர்க்காரர்களுக்குத்தான் ஊமை. அந்தக் குண்டுப் போலீஸ்காரனிடம், "யோவ், வாயில வெங்காய நாத்தம் தாங்கலய்யா, தள்ளி நில்லு!" என்று நீ சொன்னபோது எங்கள் வரிசையே விழுந்து விழுந்து சிரித்தது. பியானோ வாசிக்கிறவர் வெளியூர்க்காரர். எதற்குச் சிரிக்கிறோம் என்று புரியாமல் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

அப்புறம் நீ நடந்தாய்.

இடது முழங்கால் மடங்காமல், காலை வெளிப்பக்கமாக அரைவட்டம் போட்டு வீசி, நான்கு அடிக்கு ஒருமுறை நின்று, யாரோ கூப்பிட்டதுபோலப் பின்னால் திரும்பிப் பார்த்து. அப்படி நடக்கிறவர் இந்த ஊரில் ஒரே ஒருவர்தான். கொட்டகை அதிர அதிர எல்லோரும் சிரித்தார்கள். டார்க்கஸ் மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். எனக்கு அந்த நாற்காலியோடு பூமிக்குள் போய்விடலாம் என்றிருந்தது.

வெட்கங்கெட்டவனே, உனக்கு ரொட்டி போட்ட காலடா அது. பஞ்சு மூட்டை விழுந்து முழங்கால் நொறுங்கியபோது, "மேலே பாத்து நடந்திருக்கணும்" என்று ஆலைக்காரர்கள் சொன்னார்களே, அதைக்கூடப் பொறுத்துக்கொண்டு பத்தொன்பது வருஷம் அந்தக் காலை இழுத்துக்கொண்டே வேலைக்குப் போனவர். நம் அப்பாவையா ஊருக்குக் கோமாளியாக்கினாய்?

அப்பாவுக்கு இன்னும் தெரியாது. தெரிவதற்குள் அந்த நடையை விட்டுவிடு. சளி பிடிக்காமல் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
ஹெஸ்டர்

*

லாம்பெத், லண்டன்
1912 நவம்பர் 10

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பிரித்ததும் கை சுட்டது. நான் சுகம். அப்பாவின் இருமல் எப்படி?

அக்கா, நான் திட்டம் போட்டுச் செய்யவில்லை. எங்கள் ஹார்ட்ரி பயாஸ்கோப் கம்பெனியில் காலையில் கதை பேசுவோம், மதியம் படம் பிடிப்போம், இருட்டுவதற்குள் படம் முடிந்துவிடும். என்ன பேசுவது, எப்படி விழுவது, எதுவும் எழுதி வைப்பதில்லை. அன்றைக்கு மிஸ்டர் ஹார்ட்ரி, "சும்மா நடக்காதேய்யா, சிரிப்பு வர்ற மாதிரி நட!" என்று கத்தினார். பிறந்ததிலிருந்து நான் பார்த்துப் பார்த்துப் பழகிய நடை ஒன்றுதான் இருந்தது. கால் தானாக அப்படிப் போய்விட்டது. கேமராக்காரன் சிரித்த சிரிப்பில் கைப்பிடியைச் சுற்றுவதையே விட்டுவிட்டான்.

இப்போது அந்த நடை இல்லாமல் மஃபின் இல்லை என்கிறார்கள். அதிலும் அந்தத் திரும்பிப் பார்ப்பதற்குத்தான் பெரிய சிரிப்பு. அப்பா ஏன் அப்படித் திரும்பிப் பார்ப்பார், உனக்குத் தெரியுமா? நான் கேட்டதே இல்லை.

அப்பாவே பார்த்தால் முதலில் சிரிக்கிறவர் அவராகத்தான் இருப்பார். நீ வீணாகக் குதிக்கிறாய். மஃபின் படம் போட்ட தபால் அட்டை ஒன்று இதோடு வைத்திருக்கிறேன். கோபம் தீர்ந்ததும் அடுப்புக்கு மேலே பலகையில் வை.

உன் தம்பி,
ஈனாக்

*

பர்ன்லி
1912 நவம்பர் 21

ஈனாக்குக்கு,

நலம். உன் தபால் அட்டை அடுப்புக்கு மேலே இல்லை, அடுப்புக்குள்ளே போயிற்று.

அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. புதன்கிழமை தோட்டத்திலிருந்து லீக் வெங்காயத் தண்டு பிடுங்கிக்கொண்டு வருகிறார். பின்னால் ஒன்பது பிள்ளைகள் வரிசையாக, ஒவ்வொன்றும் இடது காலை வீசிக்கொண்டு, நான்கு அடிக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டு வருகின்றன. "மஃபின் தாத்தா! மஃபின் தாத்தா!" அவருக்குத்தான் ஆலைச் சத்தத்தில் காது போய்விட்டதே, ஒன்றும் கேட்கவில்லை. வழக்கம்போலத் திரும்பிப் பார்த்தார். அவர்கள் உதட்டைப் படித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து லீக்கை மேசைமேல் வைத்தார். "மஃபின்னா யாரு?" என்று கேட்டார். நான் சொன்னேன். கேட்டுவிட்டு லீக்கை அப்படியே விட்டு எழுந்து போனார். திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். அன்றிலிருந்து தோட்டத்துக்குப் போகவில்லை, ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கும் போகவில்லை. ஜன்னல் ஓரம் உட்கார்ந்தே இருக்கிறார்.

முதலில் சிரிக்கிறவர் அவர்தான் என்று எழுதினாயே, வந்து அந்த முகத்தைப் பார். அவர் ஏன் திரும்பிப் பார்ப்பார் என்று எனக்கும் தெரியாது. இப்போது கேட்கிற தைரியமும் இல்லை.

அந்த நடையை நீ விட வேண்டும். விட்டேன் என்று எழுதும்வரை இந்த வீட்டு வாசலை மிதிக்காதே.

ஹெஸ்டர்

*

லாம்பெத்
1912 டிசம்பர் 8

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன். உன் கடிதத்துக்குப் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மிஸ்டர் ஹார்ட்ரியிடம் போய், இனி இந்த நடை வேண்டாம் என்றேன். "நடை உன்னதா? மஃபினோடது. மஃபின் யாரோடது? கம்பெனியோடது" என்றார். ஒப்பந்தப்படி இன்னும் ஒரே ஒரு படம் பாக்கி. மஃபின் கூரையில் ஏறுவான், போலீஸ்காரன் துரத்துவான், புகைபோக்கியிலிருந்து வழுக்கிக் கீழே வைக்கோல் வண்டியில் விழுவான். அவ்வளவுதான். அது முடிந்ததும் மீசையையும் கால்சட்டையையும் அவர் முகத்திலேயே எறிந்துவிட்டுக் கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வருகிறேன். அப்பா காலைப் பிடித்து மன்னிப்புக் கேட்கிறேன். இது சத்தியம்.

அவரிடம் சொல்லி வை.

ஈனாக்

*

பர்ன்லி
1913 ஜனவரி 2

ஈனாக்குக்கு,

புது வருஷம் பிறந்துவிட்டது. இங்கே யாருக்கும் நோய் இல்லை, சந்தோஷமும் இல்லை.

நீ வருவாய் என்று சொன்னதிலிருந்து அப்பா கொஞ்சம் பேச ஆரம்பித்தார். கிறிஸ்துமஸ் அன்று அவரே சவரம் செய்துகொண்டார். மூன்று தட்டு எடுத்து வைக்கச் சொன்னார். ஒவ்வொரு ரயில் நேரத்துக்கும் கடிகாரத்தைப் பார்த்தார். கடைசி ரயிலும் போன பிறகு, "சரி, வேலை இருந்திருக்கும்" என்று சொல்லி உன் தட்டை அவரே எடுத்து அலமாரியில் வைத்தார்.

உன் சத்தியத்தை எந்தக் குப்பையில் போட்டாய்? ஒரு வரி எழுதக் கையில் தெம்பில்லையா? பேரும் புகழும் வந்ததும் கண் தலைக்கு மேலே ஏறிவிட்டது. நான் இனி எழுதப்போவதில்லை.

ஹெஸ்டர்

*

1913 ஜனவரி 20

அன்புள்ள அக்கா,

நலம். நான் சொல்ல, நண்பர் ஒருவர் எழுதுகிறார். கை சற்றே சுளுக்கு, வேறொன்றுமில்லை. கடுமையான சளி வேறு. கம்பெனி ஓய்வு கொடுத்துக் கடற்கரை ஊருக்கு அனுப்பியிருக்கிறது. காற்று நன்றாக இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு வராததற்கு மன்னித்துக்கொள்.

கூரைப் படம் சுமாராகத்தான் வந்திருக்கிறது. உங்கள் ஊருக்கு வந்தால் போகாதே. அப்பாவையும் கூட்டிக்கொண்டு போகாதே. இதை மட்டும் எனக்காகச் செய்.

ஈனாக்

*

பர்ன்லி
1913 பிப்ரவரி 9

என் தம்பி ஈனாக்,

நீ எங்கே இருக்கிறாய்? கடற்கரை என்றாய், உறையில் லாம்பெத் தபால் முத்திரை இருந்தது. அதை நான் அப்போதே பார்த்தேன். பார்த்தும், பொய்யன் என்று திட்டிவிட்டுக் கடிதத்தை டப்பாவில் போட்டேன். என்னை மன்னித்துவிடு.

நேற்று அந்தப் படம் இங்கே வந்தது. போகக்கூடாது என்றுதான் இருந்தேன். அப்பா கோட்டை மாட்டிக்கொண்டு நின்றார். "என் காலு ஊரெல்லாம் சுத்துதே. அது என்னதான் பண்ணுதுன்னு நானும் ஒருதரம் பாக்கறேன்" என்றார். தடுக்க முடியவில்லை.

கொட்டகை நிறையக் கூட்டம். எங்கள் ஆலைப் பெண்களே அறுபது பேர் இருப்போம். அப்பா நடந்து வந்து உட்கார்ந்ததும் பின்வரிசையில் இரண்டு பையன்கள் களுக்கென்று சிரித்தார்கள். டார்க்கஸ் திரும்பிப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார்கள்.

நீ கூரையில் ஏறினாய். வழுக்கினாய். கீழே வைக்கோல் வண்டி நின்றது. நீ பாதி விழும்போதே குதிரை வண்டியை இழுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டது. நீ கல் தரையில் விழுந்தாய். குதிரை தன்பாட்டுக்கு வைக்கோலோடு போனது. பார்க்கிறவனுக்கு அதைவிடச் சிரிப்பு வேறென்ன வேண்டும்? எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்க வாயைத் திறந்தேன். அப்போது உன் உதடு அசைந்தது.

"காலு போச்சு. நிறுத்துங்க."

எங்கள் வரிசையில் சிரிப்பு அறுந்தது.

"நடிக்கலடா, நெசமாவே போச்சு. சுத்தாத. நிறுத்துங்கடா, ஐயோ!"

ஈனாக், அறுபது பெண்களும் அதைப் படித்தார்கள். அந்தக் குண்டுப் போலீஸ்காரன் வந்து உன் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி நிறுத்துகிறான். நீ இரண்டு அடி எடுத்து வைத்து மறுபடி விழுகிறாய். பியானோக்காரருக்கு மட்டும் ஒன்றும் தெரியாது, குதிரை ஓடுகிற பாட்டைக் குஷியாகத் தட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் உன் உதடு அப்பாவைக் கூப்பிட்டது.

அப்பா எழுந்தார். நடுப்பாதையில் நடந்தார், அதே நடை. திரைக்கு முன்னால் போய் நின்றார். வெளிச்சம் அவர்மேல் விழுந்து, உன் படத்தின்மேல் அவர் நிழல் விழுந்தது. ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை.

"எம் புள்ள நிறுத்தச் சொல்றான்ல? நிறுத்து!"

அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. படம் ஓட்டுகிறவன் கையை எடுத்துவிட்டான்.

உண்மையை எழுது. உன் கையால் எழுது. கால் எப்படி இருக்கிறது?

உன் அக்கா

*

லாம்பெத், மருத்துவமனை
1913 பிப்ரவரி 14

அக்கா,

இனி மறைக்க ஒன்றுமில்லை. டிசம்பர் 19 அன்று விழுந்தேன். வண்டிக்குக் கீழே சக்கரத்துக்குக் கட்டை வைக்கவில்லை. நான் கத்தியது எல்லோருக்கும் கேட்டது. மிஸ்டர் ஹார்ட்ரி கேமராக்காரனிடம், "சுத்து, சுத்து, பிரமாதமா வருது!" என்றார். போலீஸ்காரன் வேஷக்காரன் தயங்கினான். "தூக்கி நிறுத்துய்யா அவன!" என்று அவனையும் விரட்டினார். படம் முடியும்வரை என்னைத் தரையிலிருந்து எடுக்கவில்லை.

இடது முழங்கால். இனி மடங்காதாம்.

கம்பெனியிலிருந்து யாரும் வந்து பார்க்கவில்லை. நான் குடித்துவிட்டு ஏதோ சாராயக்கடைப் படியில் விழுந்தேன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்கள். இனி எந்த மேடைக்காரன் என்னைக் கூப்பிடுவான்? என் மீசையையும் கால்சட்டையையும் இன்னொருவனுக்கு மாட்டிவிட்டார்கள். அவன் நன்றாகவே நடக்கிறானாம். என் பெயர்தான் எந்தத் தட்டியிலும் இருந்ததில்லையே, ஆள் மாறியது யாருக்கும் தெரியாது.

நேற்று ஊன்றுகோலோடு முதல்முறை நடந்தேன். பக்கத்துக் கட்டில் கிழவன், "அட, மஃபின் மாதிரியே நடக்கறியே!" என்றான்.

வீட்டுக்கு வா என்று எழுதாதே. எந்தக் காலைக் காட்டி ஊரைச் சிரிக்க வைத்தேனோ அதே காலோடு அப்பா முன்னால் எப்படி நிற்பேன்?

ஈனாக்

*

பர்ன்லி
1913 பிப்ரவரி 22

ஹார்ட்ரி பயாஸ்கோப் கம்பெனியாருக்கு,

ஐயா, தாங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இரண்டு காலும் நன்றாக இருக்கும்.

என் தம்பி ஈனாக் கிளெக் குடித்துவிட்டுப் படியில் விழவில்லை. உங்கள் கூரையிலிருந்து, உங்கள் வண்டி நகர்ந்ததால், உங்கள் கண்ணெதிரே விழுந்தான். நிறுத்தச் சொல்லிக் கத்தினான். நீங்கள் நிறுத்தவில்லை. அதைக் காசுக்குக் காட்டுகிறீர்கள். நாங்கள் நெசவுக்காரிகள், உதடு படிக்கிறவர்கள். அவன் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் கீழே எழுதி, ஐம்பத்தெட்டுப் பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். படத்தை நிறுத்துங்கள். குடிகாரன் என்று சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்.

ஹெஸ்டர் கிளெக்

*

லண்டன்
1913 மார்ச் 3

மதிப்பிற்குரிய அம்மணி,

தங்கள் கடிதம் கிடைத்தது. எங்கள் படங்களில் பேச்சு கிடையாது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம். பேச்சே இல்லாத படத்தில் ஒருவர் பேசியதாகச் சொல்வது ஏற்கத்தக்கதன்று. நாடெங்கும் ஆயிரக்கணக்கானோர் இப்படத்தைக் கண்டு மகிழ்ந்துள்ளனர். தங்கள் ஊர் தவிர வேறெங்கிருந்தும் புகார் இல்லை. திரையில் காணப்படுவது நடிப்பே.

மேலும், மஃபின் பாத்திரத்தின் பெயர், உடை, மீசை, நடை அனைத்தும் கம்பெனியின் உடைமை. திரு. கிளெக் இனி எந்தப் பொது மேடையிலும் மேற்படி நடையை நடக்கக்கூடாது என எச்சரிக்கிறோம்.

தங்கள் உண்மையுள்ள,
கம்பெனிக்காக, செயலாளர்

*

பர்ன்லி
1913 மார்ச் 30

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். உன் ஊன்றுகோல் ஒன்றாகக் குறைந்தது என்று மருத்துவமனைத் தாதி எழுதியிருந்தாள், சந்தோஷம்.

கம்பெனிக் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுகிறார்கள். காலை ஒடித்தது அவர்கள். ஒடிந்த காலால் நடக்கக்கூடாது என்பதும் அவர்கள். இதை நான் ஆலைக்கு எடுத்துப் போனேன். தறிகளுக்கு மேலே டார்க்கஸுக்கு உதட்டால் படித்துக் காட்டினேன். அவள் அடுத்தவளுக்கு, அடுத்தவள் அதற்கடுத்தவளுக்கு. மதிய உணவுக்கு முன் நான்கு மாடிக்கும் தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக்குள் நெல்சன், கோல்ன், பேடிஹாம் மூன்று ஊருக்கும் போய்விட்டது.

எங்கே அந்தப் படம் வந்தாலும், நீ விழுகிற இடம் வந்ததும் பெண்கள் எழுந்து நிற்கிறார்கள். "காலு போச்சு, நிறுத்துங்க!" என்று உன் உதட்டோடு சேர்ந்து சத்தமாகச் சொல்கிறார்கள். நிறுத்தாவிட்டால் கட்டைச் செருப்பால் தரையை மிதிக்கிறார்கள். இருநூறு ஜோடிக் கட்டைச் செருப்பு மிதித்தால் எந்தக் கொட்டகை தாங்கும்? ஏழு கொட்டகைக்காரர்கள் படப்பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பேடிஹாம்காரர் வாசல் தட்டியிலேயே எழுதி வைத்தாராம்: "இந்தப் படத்தில் விழுந்தவர் பெயர் ஈனாக் கிளெக்." உன் பெயர் முதல்முறையாகத் தட்டியில் வந்திருக்கிறது.

லண்டனில் இன்னும் சிரிக்கிறார்களாம். சிரிக்கட்டும். அவர்களுக்குப் படிக்கத் தெரியாது.

உன் கடிதத்தை அப்பாவிடம் காட்டிவிட்டேன். கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் படித்தார். பிறகு பேனா கேட்டார். அவர் எழுதி நான் பார்த்ததில்லை. எழுதிய தாளை ஒட்டித்தான் கொடுத்தார், நான் பிரிக்காமல் இதோடு வைத்திருக்கிறேன்.

உன் அக்கா,
ஹெஸ்டர்

*

மகன் ஈனாக்குக்கு,

அப்பா ஜேபஸ் கிளெக் எழுதுவது. நான் நலம். லீக் நட்டாயிற்று.

உன்மேல் கோபம் இருந்தது. உன்னை அந்தத் திரையில் பார்த்தபோது வேறு கோபம் வந்து அதைத் தின்றுவிட்டது.

நடை தங்கள் உடைமை என்று கம்பெனிக்காரன் எழுதியிருக்கிறான். அது அவனுடையதும் அல்ல, உன்னுடையதும் அல்ல. 1889-ல் அந்த மூட்டை விழுந்து எனக்கு வந்தது. பிடித்து வாங்கியதல்ல. வேண்டுமானால் என்மேல் வழக்குப் போடட்டும்.

சனிக்கிழமை மதிய ரயிலில் வா. ஸ்டேஷனுக்கு நான் வருகிறேன், வண்டி வைக்க வேண்டாம். பட்டப்பகலில் கடைத்தெரு வழியாக இரண்டு பேரும் நடந்தே வருவோம். எவன் சிரிக்கிறான் என்று பார்க்கலாம்.

நான் ஏன் திரும்பிப் பார்க்கிறேன் என்று அக்காவிடம் கேட்டிருந்தாயாம். உன் அம்மா உயிரோடிருந்தபோது அவளுக்குக்கூடச் சொன்னதில்லை. இப்போது உனக்குத் தேவைப்படும், எழுதுகிறேன். மூன்று அடி தாங்கும். நான்காவதில் வலி உச்சிக்கு ஏறும். நின்றாக வேண்டும். சும்மா நின்றால் ஐயோ பாவம் என்பார்கள். அதனால் நின்று பின்னால் திரும்பிப் பார். யாரையோ எதிர்பார்க்கிறாய் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அப்பா